திரித்துவமும் சச்சிதானந்தமும்: பிரம்மபாந்தவ உபாத்யாயரின் வாழ்க்கை

இறைவன் ஒருவனே என்பது கிறிஸ்தவ சமயத்தின் உறுதியான கொள்கை. அதே சமயம் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்னும் மூவரின் பெயராலேயே ஒவ்வொரு கிறிஸ்தவரும் திருமுழுக்குப் பெறுகிறார். மூவரின் பெயரைச் சொல்லியே அன்றாடப் பிரார்த்தனையைத் தொடங்குகிறார். ஒருவன் எவ்வாறு மூவராக இருக்க இயலும்? மூவர் எனில் எவ்வாறு ஒருவன் ஆவான்? இந்தக் கேள்வி எழும்போது நம்மில் பலர், அவர்களுக்கு மூன்று தெய்வங்கள் போலும் என்று எண்ணுகிறோம். அல்லது இதுவும் நம்முடைய மும்மூர்த்திகளைப் போன்றதே என்று கூறி அத்துடன் நிறைவு கொள்கிறோம்.

இவ்விரண்டு விடைகளுமே அவசர விடைகள். பிறருடைய சமயத்தின் உள்ளறைக்குள் நுழைய வேண்டுமானால் பொறுமையும் துணிவும் தேவை. வேதாந்தத்தின் மடியில் பிறந்து, திரித்துவத்தின் மறைபொருளைத் தன் வாழ்வின் மையமாகக் கொண்டு, அதற்காக இரு தரப்பினரின் ஐயத்தையும் சுமந்து நின்ற ஒரு வங்காளத் துறவியின் வரலாறு இதனை நமக்கு நன்கு உணர்த்துகிறது. அவரே பிரம்மபாந்தவ உபாத்யாயர்.

இளமையும் தேடலும்

1861-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள், வங்காளத்தில் ஹூக்ளி மாவட்டத்தின் கன்யான் கிராமத்தில் ஓர் அந்தணர் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பவானி சரண். தந்தை தேவி சரண் பந்தோபாத்யாயர் ஆங்கில அரசின் காவல்துறையில் அதிகாரியாகப் பணியாற்றியவர். கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்த பவானி சரண், பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். ஆங்கிலக் கல்வியுடன் வடமொழியும் பயின்றார். உபநயனத்திற்குப் பின் ஆசாரத்தில் மிகுந்த பற்றுக் கொண்டவராக விளங்கினார்.

நாட்டுப்பற்று அவரது குருதியில் கலந்திருந்தது. அந்நிய ஆட்சியை வாளேந்தி விரட்ட வேண்டும் என்ற வேகத்தில், படைப் பயிற்சி பெறுவதற்காகக் கல்லூரிப் பருவத்திலேயே வீட்டைவிட்டு குவாலியருக்குச் சென்றார். அந்த முயற்சி கைகூடவில்லை. கல்கத்தாவில் அவர் பயின்ற கல்லூரியில் அக்காலத்தில் பயின்ற மற்றோர் இளைஞர் நரேந்திரநாத தத்தர். பின்னாளில் உலகம் சுவாமி விவேகானந்தர் என்று போற்றிய அதே நரேந்திரர்தான். இருவருக்கும் இடையே நட்பு மலர்ந்தது. தட்சிணேசுவரத்திற்குச் சென்று பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரைத் தரிசிக்கும் பேறும் பவானி சரணுக்குக் கிட்டியது.

அந்நாளில் வங்க இளைஞர்களின் உள்ளங்களைக் கவர்ந்தவர் பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ சந்திர சென். அவர் 1882-ஆம் ஆண்டு ஜனவரியில் கல்கத்தா நகர மண்டபத்தில் திரித்துவத்தைப் பற்றியே ஒரு பேருரை நிகழ்த்தினார். தந்தை, மகன், ஆவி என்னும் மூன்றையும் சத், சித், ஆனந்தம் என்னும் உபநிடத மரபின் சொற்களோடு அவர் அவ்வுரையில் இணைத்துக் காட்டினார். விதை விழுந்தது. கேசவர் 1884-இல் மறைந்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் பவானி சரண் அவரது நவவிதான சமாஜத்தில் முறைப்படி சேர்ந்தார். ஆயினும் கேசவர் தொட்டுக்காட்டிய ஒப்புமையை ஒரு தத்துவமாக வளர்த்தெடுக்கும் பணி, பவானி சரணுக்கு வேறொரு பாதையில் காத்திருந்தது.

சிந்துவில் நேர்ந்த மாற்றம்

1888-இல் அவர் சிந்து மாகாணத்தின் ஹைதராபாத் நகருக்குச் சென்றார். அங்கே ஹீரானந்தர் நடத்திய பள்ளியில் ஆசிரியராகத் தொண்டாற்றினார். இந்த ஹீரானந்தர், காசிப்பூர் தோட்ட இல்லத்தில் நோயுற்றிருந்த ஸ்ரீராமகிருஷ்ணரைத் தரிசிக்கச் சிந்துவிலிருந்து வந்த அன்பர். அத்தகைய சத்சங்கத்தின் நடுவிலும் பவானி சரணின் உள்ளம் இயேசுநாதரின்பால் மேன்மேலும் ஈர்க்கப்பட்டது. 1890-இல் முல்தானில் தந்தை நோயுற்றபோது பணிவிடை செய்யச் சென்ற அவர், அங்கே கத்தோலிக்க சமயக் கொள்கைகளை விளக்கும் நூலொன்றை ஆழ்ந்து கற்றார். 1891 பிப்ரவரியில் ஆங்கிலிக்க குருவிடம் திருமுழுக்குப் பெற்றார். அதே ஆண்டு செப்டம்பரில் கராச்சியில் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார்.

அப்போது அவர் ஏற்ற பெயர் தியோபிலஸ். கிரேக்க மொழியில் அதற்கு இறைவனின் நண்பன் என்பது பொருள். அதனை வடமொழியாக்கி பிரம்மபாந்தவர் என்று தம்மை அழைத்துக்கொண்டார். பந்தோபாத்யாயர் என்னும் குலப்பெயரில் வணக்கத்திற்குரியவர் என்று பொருள்படும் முற்பகுதியை நீக்கிவிட்டு, ஆசிரியர் என்று பொருள்படும் உபாத்யாயர் என்பதை மட்டும் வைத்துக்கொண்டார். துன்பங்களை ஏற்ற கிறிஸ்துவின் சீடனுக்கு வணக்கத்திற்குரியவன் என்ற அடைமொழி பொருந்தாது என்று அவர் கருதினார்.

1894-இல் அவர் சோபியா என்னும் மாத இதழைக் கராச்சியில் தொடங்கினார். அவ்வாண்டின் இறுதியில் காவியுடை தரித்து, பிச்சை ஏற்று வாழும் துறவியானார். காவி தரித்த ஒருவரைத் தேவாலயத்தில் கண்டவர்கள் திகைத்தனர், எதிர்ப்பும் எழுந்தது. ஆயர்களிடம் முறையிட்டு அவர் அனுமதி பெற வேண்டியிருந்தது. அத்தகைய வாழ்வுக்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. 1606-இல் மதுரைக்கு வந்து, காவி உடுத்து, மரக்கறி உணவு உண்டு, தத்துவ போதகர் என்னும் பெயருடன் வாழ்ந்த இத்தாலியத் துறவி ராபர்ட் தெ நொபிலியின் வழி அது.

திரித்துவம் கூறுவது யாது?

உபாத்யாயரின் பணியைப் புரிந்துகொள்ளச் சிறிது நின்று, திரித்துவக் கோட்பாட்டை அதன் சொந்த வடிவிலேயே காண்பது நலம்.

கி.பி. 325-இல் நிசேயாவிலும், 381-இல் கான்ஸ்டான்டிநோபிளிலும் கூடிய திருச்சபைச் சங்கங்கள் இக்கோட்பாட்டிற்கு வரையறை தந்தன. அதன்படி இறைவனின் இயல்பு ஒன்றே, உள்பொருள் ஒன்றே, அறிவும் ஆற்றலும் ஒன்றே. அந்த ஒரே பரம்பொருளில் தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூவர் உளர். மூவரும் மூன்று கடவுளர் அல்லர். ஒரே நடிகன் மூன்று வேடம் புனைவதுபோல, ஒருவனே காலத்திற்கு ஏற்ப மூன்று தோற்றங்கள் கொள்வதும் அன்று. ஒரு கனியின் மூன்று துண்டுகள்போல இறைவனின் மூன்று பங்குகளும் அல்லர். ஒவ்வொருவரும் முழுமையான இறைவனே.

அவ்வாறாயின் மூவருக்கும் வேறுபாடு எங்கே உள்ளது? உறவில் மட்டுமே உள்ளது என்று அகஸ்டினும், அவருக்குப் பின் பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாசும் விளக்கினர். தந்தை மூலம், மகன் அவரிடமிருந்து என்றென்றும் தோன்றுபவர், ஆவியார் அவ்விருவரின் அன்பாக வெளிப்படுபவர். இங்கே மகன் என்ற சொல்லை உடல் சார்ந்த பிறப்பாகக் கொள்ளலாகாது. கதிரவன் இருந்து ஒளி இல்லாத கணம் ஒன்று உண்டோ? அதுபோல மகன் இல்லாமல் தந்தை இருந்த காலம் இல்லை.

இந்த இடத்தில் மும்மூர்த்தி ஒப்புமை ஏன் பொருந்தாது என்பதும் விளங்கும். படைத்தல், காத்தல், அழித்தல் என்னும் தொழில்கள் உலகை நோக்கியவை. திரித்துவமோ உலகம் தோன்றாத நிலையிலும் இறைவன் தன்னுள் எவ்வாறு இருக்கிறான் என்பதைப் பற்றிப் பேசுகிறது.

உபாத்யாயர் கண்ட வழி

தொடக்கத்தில் உபாத்யாயர் அத்வைதத்தைக் கடுமையாக எதிர்த்தார். தம் இதழில் வேதாந்தத்தை மறுத்து எழுதினார். ஆனால் 1890-களின் பிற்பகுதியில் அவரது நோக்கு மாறியது. அக்குவினாஸ் கிரேக்க ஞானியான அரிஸ்டாட்டிலின் தத்துவத்தைத் துணைகொண்டு கிறிஸ்தவக் கோட்பாட்டை விளக்கினார் அல்லவா? அவ்வாறே பாரத நாட்டில் வேதாந்தமே அப்பணிக்குரிய கருவி என்று அவர் தெளிந்தார். எதிர்த்து எழுதிய அதே கை, சங்கரரின் தத்துவத்தைப் போற்றி எழுதத் தொடங்கியது.

அவரது சிந்தனையின் சாரம் இது. பிரம்மம் நிர்க்குணம் என்று வேதாந்தம் கூறுகிறது. பிரம்மத்திற்கு எந்தத் தன்மையும் இல்லை, அது வெறுமை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. படைப்போடு எவ்விதக் கட்டாயத் தொடர்பும் அதற்கு இல்லை, அது எதையும் சார்ந்து நிற்பதில்லை என்பதே பொருள். இப்போது ஒரு கேள்வி எழுகிறது. பரம்பொருள் அறிவுமயம் என்றால், அது எதனை அறிகிறது? ஆனந்தமயம் என்றால், எதில் ஆனந்தம் கொள்கிறது? உலகை அறிந்து, உலகில் மகிழ்கிறது என்றால், உலகம் இல்லாதபோது அதன் அறிவும் ஆனந்தமும் குறைவுபட்டுவிடும். அத்தகைய இறைவன் பூரணன் ஆகான்.

ஆகவே பரம்பொருள் தன்னைத்தானே அறிகிறது, தன்னிலேயே ஆனந்திக்கிறது. தான் தானாகவே நிலைபெற்றிருக்கும் சத்து தந்தை. அச்சத்து தன்னை முழுமையாக அறியும் அறிவு, அதாவது சித்து, வாக்கு எனப்படும் மகன். அறிபவரும் அறியப்படுபவரும் ஒன்றி நிற்கும் பேரின்பம் தூய ஆவி. இவ்வாறு உறவு என்பது இறைவனுக்கு உள்ளேயே நிறைவுற்றிருப்பதால், வெளியே எதுவும் அவனுக்குத் தேவையில்லை. தேவையின்றியே அவன் படைக்கிறான் என்பதால்தான் படைப்பு முழுவதும் அருளாகிறது. மாயை என்ற சொல்லையும் இவ்வழியிலேயே அவர் பொருள் கொண்டார்: தனக்கென்று சொந்த இருப்பு இல்லாமல், ஒவ்வொரு கணமும் இறைவனைச் சார்ந்தே நிற்கும் தன்மையே மாயை.

1898 அக்டோபரில் சோபியா இதழில் சச்சிதானந்தத்தை வந்திக்கும் வடமொழித் துதியொன்றை அவர் வெளியிட்டார். பரம்பொருளை முதலில் ஒருமையில் வணங்கி, பின்னர் தந்தையையும் மகனையும் ஆவியையும் தனித்தனியே போற்றும் அத்துதியில், கிறிஸ்தவக் கோட்பாட்டின் நுட்பங்கள் யாவும் உபநிடத மணம் கமழும் சொற்களில் அமைந்தன.

இந்த விளக்கத்தில் நாம் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. அத்வைத மரபில் சத், சித், ஆனந்தம் என்பவை ஒன்றோடொன்று உறவு கொள்ளும் மூவர் அல்லர். பிரிவற்ற ஒரே சொரூபத்தைச் சுட்டும் மூன்று சொற்கள். அறிபவன், அறிவு, அறியப்படுவது என்னும் திரிபுடி கரைந்த நிலையே அங்கு முடிந்த நிலை. திரித்துவத்திலோ உறவு கரைவதில்லை. வேற்றுமை இருந்தும் பிளவு இல்லை என்பதே அதன் மறைபொருள். இரண்டு மலைச் சிகரங்களுக்கு இடையே உபாத்யாயர் அமைத்தது ஒரு பாலம். பாலம் இருப்பதனால் சிகரங்கள் இரண்டும் ஒன்றாகிவிடவில்லை.

நர்மதைக் கரை மடமும் தடைகளும்

சிந்தனை வாழ்வாக மலர வேண்டும் என்று விரும்பிய உபாத்யாயர், 1899-இல் ஜபல்பூர் அருகே நர்மதை நதிக்கரையில் ஒரு மடத்தை நிறுவினார். கிறிஸ்துவின்பால் நம்பிக்கை கொண்டோர் இந்நாட்டுத் துறவியரைப் போல எளிய உணவும் தவமும் தியானமும் மேற்கொண்டு வாழ வேண்டும், அங்கிருந்து பரிவிராஜகர்களாகச் சென்று போதிக்க வேண்டும் என்பது அவரது கனவு.

கனவு நீடிக்கவில்லை. இந்தியாவில் திருத்தந்தையின் பிரதிநிதியாக இருந்த லாடிஸ்லாஸ் சலெஸ்கி இம்முயற்சியை ஏற்கவில்லை. மடம் மூடப்பட்டது. சோபியா மாத இதழும் அவ்வாண்டிலேயே நின்றது. 1900-இல் கல்கத்தாவில் அவர் அதனை வார இதழாக மீண்டும் தொடங்கினார். கத்தோலிக்கர் அதனைப் படிக்கலாகாது என்ற தடை வந்தது. 1901-இல் வேறொரு மாத இதழைத் தொடங்கியபோதும் அவ்வாறே நேர்ந்தது. தம் திருச்சபையின் கோட்பாட்டில் ஓர் எழுத்தையும் அவர் மறுக்கவில்லை. அதைத் தம் நாட்டு மொழியில் சொல்ல முனைந்தார். அதற்கே இத்தனை தடைகள். மற்றொரு புறம், சமயம் மாறியவர் என்ற காரணத்தால் சொந்த சமூகத்தாரின் ஐயமும் அவரைத் தொடர்ந்தது. சமூக வாழ்விலும் ஆசாரத்திலும் தாம் இந்து, ஆன்ம சாதனையில் கிறிஸ்துவின் அடியவர் என்று அவர் தம் நிலையை விளக்கினார். இரு தரப்பிலும் அதை முழுமையாக ஏற்றவர்கள் மிகச் சிலரே.

ஆயினும் அவர் கசப்பில் மூழ்கவில்லை. கவிஞர் ரவீந்திரநாத் தாகூரின் மேன்மையை வங்காளத்திற்கு வெளியே எவரும் அறியாத 1900-ஆம் ஆண்டிலேயே, அவரை உலகக் கவி என்று போற்றி எழுதினார். 1901 டிசம்பரில் சாந்திநிகேதனத்தில் குருகுல முறையிலான பள்ளியைத் தாகூர் தொடங்கியபோது, உபாத்யாயரும் அவருடைய சீடர் அனிமானந்தரும் அதற்குப் பெருந்துணை புரிந்தனர்.

நண்பரின் மறைவு

1902 ஜூலை 4-ஆம் நாள் சுவாமி விவேகானந்தர் மகாசமாதி எய்தினார். ஹௌரா ரயில் நிலையத்தில் அச்செய்தியைக் கேட்ட உபாத்யாயர், துயரம் தாங்காமல் உடனே பேலூர் மடத்திற்கு விரைந்தார். ஒரு காலத்தில் சுவாமிஜியின் கருத்துக்களை மறுத்து எழுதியவர் அவர். ஆனால் அந்தத் திருமேனியின் முன் நின்றபோது, நண்பர் விட்டுச் சென்ற பணியில் தம்மால் இயன்ற பங்கை ஆற்ற வேண்டும் என்ற உறுதி அவருள் பிறந்தது. அவ்வாண்டு அக்டோபரில் கையில் போதிய பொருளின்றியே இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் இந்து சிந்தனையின் மேன்மையை எடுத்துரைத்து 1903-இல் நாடு திரும்பினார். கிறிஸ்துவை வழிபட்ட ஒரு துறவி, கிறிஸ்தவ நாட்டு அறிஞர் அவையில் வேதாந்தத்திற்காக வாதிட்டார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

இறுதிக் காலம்

1904-இல் அவர் சந்தியா என்னும் வங்க நாளிதழைத் தொடங்கினார். 1905-இல் வங்கப் பிரிவினை வந்தபோது அவ்விதழ் சுதேசி இயக்கத்தின் முழக்கமாயிற்று. எளிய மக்களின் பேச்சு மொழியில் அவர் எழுதிய கட்டுரைகளைக் கடைத்தெருவில் இருந்தோரும் விரும்பிப் படித்தனர். 1907-இல் கடல் கடந்து சென்றமைக்காக அவர் பிராயச்சித்தம் செய்துகொண்டார். அதனால் அவர் கிறிஸ்துவைத் துறந்தார் என்று சிலர் கருதினர். உடனிருந்த அனிமானந்தரோ, தம் குரு இறுதிவரை கிறிஸ்துவை விட்டு அகலவில்லை என்றே தம் வாழ்நாள் முழுவதும் எடுத்துரைத்தார்.

அவ்வாண்டு ஆங்கில அரசு அவர்மீது ராஜத் துரோகக் குற்றம் சாட்டியது. சித்தரஞ்சன் தாஸ் அவர் சார்பில் நின்றார். எழுத்துக்கான பொறுப்பு முழுவதையும் தாமே ஏற்ற உபாத்யாயர், சுயராஜ்யம் என்னும் இறைவன் இட்ட பணிக்காக அந்நிய அரசுக்குக் கணக்குக் கூறும் கடமை தமக்கில்லை என்று அறிவித்து, விசாரணையில் பங்கேற்க மறுத்துவிட்டார். தீர்ப்பு வருமுன் உடல்நலம் குன்றி, கல்கத்தாவின் கேம்பல் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதன் பின் ஜன்னி கண்டு, 1907 அக்டோபர் 27-ஆம் நாள் மறைந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. பெருந்திரளான மக்கள் பின்தொடர, இந்து முறைப்படி அவரது உடல் தகனம் செய்யப்பட்டது.

பின்னாளில் முளைத்த விதை

உபாத்யாயர் மறைந்து நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1950-இல், தமிழகத்தில் குளித்தலை அருகே காவிரிக் கரையில் தண்ணீர்ப்பள்ளி என்னும் இடத்தில் ஓர் ஆசிரமம் எழுந்தது. பிரான்சிலிருந்து வந்த ஜூல் மோன்ஷானேன், ஹென்றி லெ சோ என்னும் இரு குருமார்கள் அதனை நிறுவினர். லெ சோ பின்னர் அபிஷிக்தானந்தர் என அறியப்பட்டார். சாந்திவனம் என்று வழங்கும் அந்த ஆசிரமத்திற்கு அவர்கள் திரித்துவத்தை நினைந்து இட்ட பெயர் சச்சிதானந்த ஆசிரமம். நர்மதைக் கரையில் மூடப்பட்ட கதவு காவிரிக் கரையில் திறந்தது எனலாம். 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களில் உள்ள உண்மையையும் புனிதத்தையும் மதிக்க வேண்டும் என்று அறிவித்தது. ஒரு காலத்தில் படிக்கலாகாது என்று தடுக்கப்பட்ட இதழில் முதலில் வெளிவந்த அந்த வடமொழித் துதி, இன்று இந்தியக் கிறிஸ்தவ ஆசிரமங்களில் பக்தியுடன் பாடப்படுகிறது.

நாம் பெறும் பாடம்

எல்லாச் சமயங்களும் ஒரே பரம்பொருளை நோக்கியே செல்கின்றன என்று நாம் அடிக்கடி கூறுகிறோம். அது பேருண்மை. ஆனால் அதைச் சொல்லிவிட்டுப் பிறர் சமயத்தைக் கற்காமல் இருப்பதற்கு ஒரு சாக்காக அவ்வுண்மையைப் பயன்படுத்தலாகாது. பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் வெவ்வேறு சமய நெறிகளை ஏற்றபோது, ஒவ்வொன்றையும் அதனதன் முறைப்படியே சாதனை செய்தார். தொலைவில் நின்று ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. உபாத்யாயரும் தம் வழியில் அதையே செய்தார். திரித்துவத்தின் நுட்பம் ஒன்றையும் குறைக்காமல் ஏற்றார். வேதாந்தத்தின் சொல் ஒன்றையும் இழிவாகக் கருதாமல் கையாண்டார். அதற்கு அவர் தந்த விலை பெரிது.

அன்பர்களே! நம் அண்டை வீட்டுக் கிறிஸ்தவ அன்பர் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று சொல்லி நெற்றியிலும் மார்பிலும் சிலுவை அடையாளம் இடும்போது, அவர் மூன்று கடவுளரை அழைக்கவில்லை. தன்னுள்ளேயே அறிவாகவும் அன்பாகவும் நிறைந்து ததும்பும் ஒரே இறைவனை அழைக்கிறார். அதை அறிந்துகொண்டு அவரை நோக்கிக் கைகூப்பினால், அந்த வணக்கம் மேலும் ஆழம் பெறும்.